கிட்டி என்று சொன்னேன்

பிப்ரவரி 5, ஞாயிறு

காட்டெருமை மறுபடியும் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. பட்டாணிக் கொடி மொத்தமும் காலி. கோகிலா பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், பேரன் பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது. அவள் நட்டுவைத்துவிட்டுப் போன பட்டாணியை நானே கூப்பிட்டு எருமைக்கு ஊட்டியதாகத்தான் சொல்லப்போகிறாள்.

பத்து மணிக்கு வாசகர் மன்றம். மாடி அறையில் ஞாயிறுதோறும் ‘இது என்ன?’ நடத்துகிறோம். கோத்தகிரி ஜனங்கள் பரணில் கிடக்கும் பழைய கருவிகளை எடுத்துவருவார்கள். அது எதற்குப் பயன்பட்டது என்று நான் சொல்லவேண்டும். முப்பத்தொரு வருடம் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்பதால் எனக்கு இந்தப் பதவி. மன்றச் செயலாளர் போஜன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இன்றைக்கு முதலில் வந்தது துரைமார் காலத்துக் குதிரைக் குளம்பு சுரண்டும் கொக்கி. ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சொன்னதும் கைதட்டினார்கள். அடுத்தது கோலி சோடா உடைக்கும் கட்டை. அதற்கு எதற்குக் கைதட்டல், என் வயதுக்காரன் எவனும் சொல்லுவான். இருந்தாலும் தட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

கடைசியாகப் பஸ் ஸ்டாண்டு பேக்கரிக் கனி வந்தாள். நான் தினமும் வர்க்கி வாங்குகிற கடை அவளுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதிவேட்டுக்கு முழுப் பெயர் கேட்டார் போஜன். சிவந்திக்கனி என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேஜையில் வைத்தாள். ஒரு முழத்துக்குக் குறைவான இரண்டு மரக்கட்டைகள். ஒரு முனையில் தோல்வாரால் இறுக்கிக் கட்டி, மறுமுனை திறந்து மூடும்படி இருந்தது. உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

“அப்பா பெட்டியில இருந்துச்சு சார். இது என்னன்னு தெரிஞ்சா எங்க ஊரு எதுன்னு தெரிஞ்சிரும்” என்றாள்.

விஷயம் இதுதான். அவள் அப்பா செல்லையா தேயிலைத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் வேலை பார்த்துப் போன ஐப்பசியில் இறந்துபோனார். சொந்த ஊர் எதுவென்று கேட்டால் “மதுரைக்கு அந்தப் பக்கம்” என்பதோடு சரி. அம்மாவும் இல்லை. தம்பி பிரகாஷை இவள்தான் வளர்த்தாள். அவனுக்கு வைகாசியில் கல்யாணம், பெண் மேட்டுப்பாளையம். முதல் பத்திரிகையை மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வத்தின் காலடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்கிறார் பெண்ணின் அப்பா. எந்தச் சாமி, எந்த ஊர் என்று இவளுக்குத் தெரியாது. குலதெய்வம் தெரியாத வீட்டுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அவர்கள் இழுக்கிறார்கள். அப்பா விட்டுப்போனதில் ஊரைக் காட்டக்கூடிய பொருள் இது ஒன்றுதான்.

எலுமிச்சை பிழிவது என்றார் ஒருவர். காளைக்குக் காயடிக்கிற கட்டை என்றார் போஜன். நான் கையில் வாங்கினேன். திறந்து மூடினேன். கை தானாகவே சரியான இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கிட்டி என்று சொன்னேன். கம்பெனி ஆட்சியில் நிலவரி கட்டாதவர்களின் விரல்களை இதற்கு நடுவில் வைத்து நசுக்குவார்கள், அதைப் பற்றி விசாரணைக் குழுவே உட்கார்ந்தது என்று பத்து நிமிடம் பேசினேன். பேச்சு நன்றாக அமைந்தது. அப்படியானால் இதை வைத்திருந்தவர்கள் யார் என்று கனி கேட்டாள். வசூலித்த பக்கத்து ஆள்தான் என்றேன்.

அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். போஜனுக்குத் தலைகால் புரியவில்லை. மன்றத்துக்கு இப்படி ஒரு பொருள் கிடைத்ததே இல்லையாம்.

பிப்ரவரி 6, திங்கள்

சிலிண்டர் வந்தது. வர்க்கி வேறு கடையில் வாங்கினேன். அது வர்க்கியே இல்லை.

பிப்ரவரி 8, புதன்

போஜன் விடாமல் கேட்டதால் விளக்க அட்டை எழுதிக்கொடுத்தேன். ‘கிட்டி. கம்பெனி ஆட்சிக்காலச் சித்திரவதைக் கருவி. நன்கொடை: திருமதி சிவந்திக்கனி.’ கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் வேண்டாமே என்று சொன்னேன். நன்கொடையாளர் பெயர் போடுவது மன்றத்தின் விதி என்றார்.

நாளிதழிலிருந்து ஒரு நிருபர் வந்தார். இடுக்கில் இருக்கும் வெள்ளைக் கறை என்ன சார், எலும்பா என்று கேட்டார். ஆய்வுக்குரியது என்றேன். ‘இல்லை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டது, என் படத்தோடு. ‘விரல் நசுக்கிய கிட்டி: எலும்புத் துகள் உள்ளதா?’ என்று தலைப்பு. பழைய மாணவர்கள் ஏழு பேர் போன் செய்தார்கள். கோகிலா பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, முடி வெட்டிக்கொண்டு போட்டோ எடுத்திருக்கக்கூடாதா என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

மாடிப்படி கொள்ளாத கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டைக்கு நடுவில் விரலை வைத்துக்கொண்டு அலறுவதுபோல் நடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் அதைத் தொடமாட்டேன் என்றார், பாவம் ஒட்டிக்கொள்ளுமாம். பிள்ளைகளை அதட்டி விலக்கினேன். ஏன் இவ்வளவு கோபம் என்று போஜன் கேட்டார். பழம்பொருளை இப்படிக் கையாளக்கூடாது என்றேன்.

கனி வரவில்லை.

பிப்ரவரி 15, புதன்

நாக்கு கேட்கவில்லை, பழைய கடைக்கே போனேன். பிரகாஷ்தான் இருந்தான். மேட்டுப்பாளையத்துக்காரர்கள் பேப்பரைப் பார்த்துவிட்டார்கள் என்றான். பெண்ணின் பெரியப்பா போன் போட்டு, ஏழை ஜனங்களின் விரலை நசுக்கிய குடும்பமா உங்களுடையது, அந்தப் பாவம் எங்கள் பெண் வயிற்றில் வந்து விடியவேண்டுமா என்று கேட்டாராம். அக்கா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றான். இவ்வளவும் சொல்லிவிட்டு என்னிடம் ஒரு கோபமும் இல்லாமல், அப்பா ஏன் ஊரைச் சொல்லவில்லை என்று இப்போதுதான் புரிகிறது, உங்களால்தான் தெரிந்தது சார் என்று கூடுதலாக இரண்டு வர்க்கியைப் பொட்டலத்தில் போட்டான்.

அதைத் தின்ன முடியவில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

அது கிட்டி இல்லை. கடிப்பு. பனையேறிகள் பனம்பாளையை அதற்கு நடுவில் வைத்து நசுக்குவார்கள். அப்படி நசுக்கிக் கட்டிவைத்து நுனியைச் சீவினால்தான் பதநீர் இறங்கும். தோல்வார்க் கட்டும் கட்டையின் வளைவும் எங்கள் பக்கத்தது, உடன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் உள்ள செம்மண் தேரிக்காட்டில் செய்வது. இடுக்கில் இருக்கும் வெள்ளை, சுண்ணாம்பு. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவுவது. எலும்பாம்! அந்தச் சுண்ணாம்பு பட்டுப் பட்டு என் அப்பாவின் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும்.

என் அப்பா இலங்காமணி பனையேறி. ஒரு நாளைக்கு நாற்பது பனை, மூன்று தடவை ஏறி இறங்குவார். பதினேழு வயதுவரை அவருடைய கடிப்பைத் தினமும் கழுவி வைத்தவன் நான். கோகிலாவுக்கு என் அப்பா கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். மகளுக்கும் அப்படித்தான். கல்லூரியில் யாரும் கேட்கவில்லை, கேட்காதபடி நடந்துகொண்டேன்.

கனி பிரித்து வைத்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. பெயரைச் சொன்னபோதே பாதி தெரியும். சிவந்திக்கனி என்று எங்கள் தாலுகாவைத் தாண்டி யார் பெயர் வைக்கிறார்கள்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் படித்தேன், பனையேறிகளின் கருவி என்றுகூடச் சொல்லியிருக்கலாம், யாரும் என்னை நீ பனையேறி மகனா என்று கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அது கைக்கு வந்ததும், எல்லாரும் என் கையையே பார்ப்பதுபோல் பயம் வந்துவிட்டது. பனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிற பொருளைச் சொல்லமுடியுமோ அதைச் சொன்னேன். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, சனி

வேலிக்காரன் வந்தான். கம்பி போதாது என்றான். போனான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். போனவுடன் போஜன், மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் கிட்டியைப் பார்க்க வருகிறார் என்று எல்லார் முன்னாலும் அறிவித்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சரி, கூட்டம் கலையட்டும் என்று இருந்தேன்.

கூட்டம் கலைந்தபோது கனி வந்தாள். கிட்டி இருக்கும் மேஜைப் பக்கம் பார்க்காமல் சுவரோரமாக நின்றாள்.

“சார், அந்தக் காலத்துல அவங்களா இஷ்டப்பட்டுச் செஞ்சிருப்பாங்களா, இல்ல மேல இருந்து சொன்னதாலயா?”

இரண்டும் உண்டு என்றேன். வரலாற்றில் கீழ்மட்ட ஊழியர்களின் பொறுப்பு சிக்கலானது என்றேன். எந்த நாக்கு அது, எனக்கே தெரியவில்லை. அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

“அப்பா போட்டோவைக் கழட்டி வச்சிட்டேன் சார். எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு. ஆனா பெரியவங்க சொல்றாங்க. பிரகாஷுக்கு வாழ்க்கை அமையணுமில்ல.”

அப்போதும் நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

கழற்றி வைத்த போட்டோ மனதை விட்டுப் போகவில்லை. என் வீட்டில் கழற்றுவதற்குக்கூட ஒரு போட்டோ கிடையாது.

1987 ஆகஸ்ட். நான் வேலையில் சேர்ந்து ஒன்றரை மாதம். அப்பா கருப்பட்டிச் சிப்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு, எழுதிப் போட்டிருந்த விலாசத்தை விசாரித்து, நேராக ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். முழங்கால் தெரியும் வேட்டி. நெஞ்சிலும் முன்கையிலும் பனை உரசிய காய்ப்பு. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். துறைத்தலைவர் யார் இவர் என்று கேட்டார். ஊரிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்து கொடுக்கிறவர் என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. துறைத்தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஆமாய்யா, கருப்பட்டிக்காரன்தான்.”

சிப்பத்தை இறக்கி வைத்தார். டீ குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். அறைக்குப் போகலாம் என்றேன். நாலு மணி பஸ் இருக்கே என்றார். பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போகவில்லை, எனக்கு வகுப்பு இருந்தது. அன்றைக்கு நான் என்ன பாடம் நடத்தினேன் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. எழுத விருப்பமில்லை.

பிப்ரவரி 22, புதன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் கனி தட்டில் மாவு அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். கிட்டி இல்லை, கடிப்பு. உங்கள் அப்பா யார் விரலையும் நசுக்கிய வம்சம் இல்லை, பனையேறி வம்சம், என் அப்பாவும் பனையேறி, அதனால்தான் எனக்குத் தெரியும் என்றேன். கடைசி வாக்கியம் வெளியே வர நேரமாயிற்று.

“அன்னைக்கே தெரியுமா சார்?”

“தெரியும்.”

அவள் தட்டை அடுப்பில் தள்ளினாள். அடுத்த தட்டை எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

“அப்பா போட்டோவைக் கழட்டிட்டேன்னு சொன்னேனே. அப்பவும் பாத்துட்டு நின்னீங்களே சார்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஊரைப் பற்றிச் சொன்னேன். ஆவாரவிளைக்குப் போகவேண்டும், அது என் ஊர். அங்கே பனைவெல்லச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர் பொன்னுத்துரை அண்ணாச்சி. சுற்றுவட்டம் பத்து ஊர்ப் பனையேறிகளும் அந்தச் சங்கத்தில்தான் உறுப்பினர், அவருக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. இருந்தால் எண்பது தாண்டியிருக்கும். பங்குனி உத்திரத்தன்று போகவேண்டும். எங்கள் பக்கத்தில் எங்கே பிழைக்கப் போனவனும் அன்றைக்கு அவனவன் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவான், எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அப்பா போட்டோவைக் காட்டினால் யாராவது அடையாளம் சொல்லிவிடுவார்கள். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

பிறகு நான் ஒன்று கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் இங்கேயும் அங்கேயும் யாரிடமும் சொல்லவேண்டாம் என்றேன்.

கனி என்னைப் பார்த்தாள். சரி சார் என்றாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

அட்டையை மாற்றினேன். ‘கடிப்பு. பனம்பாளை நசுக்கும் கருவி. புதிய தகவலின்படி திருத்தப்பட்டது.’ போஜன் முகம் விழுந்துவிட்டது. தகவல் யாரிடமிருந்து என்று கேட்டார். தெற்கே ஒரு நண்பர் என்றேன். நிருபருக்கும் போன் செய்தேன். இடம் இருந்தால் போடுகிறேன் என்றார். இடம் இருக்காது, எனக்குத் தெரியும். அதனால் அவரிடமே, பிரகாஷிடம் வாங்கிய மேட்டுப்பாளையத்துப் பெரியப்பாவின் எண்ணைக் கொடுத்து, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லச் சொல்லலாமா என்று யோசித்து, கடைசியில் நானே பேசினேன். என்ன சார், படித்தவர் இப்படியா, ஒரு குடும்பத்தை அல்லவா அலைக்கழித்துவிட்டீர்கள் என்றார். ஆமாம் என்றேன். பங்குனி உத்திரம் வரை காத்திருக்கிறோம், அதற்குள் சாமி தெரிந்தால் பார்க்கலாம், தெரியாவிட்டால் பேச்சை விட்டுவிடலாம் என்றார்.

கனி வந்து கடிப்பைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள்.

மார்ச் 9, வியாழன்

பேக்கரிச் சுவரில் செல்லையா போட்டோ திரும்ப ஏறிவிட்டது. மாலை போட்டிருக்கிறார்கள். கனி சில்லறை கொடுக்கும்போது என் கையைப் பார்த்துக் கொடுக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

மார்ச் 21, செவ்வாய்

கோகிலாவிடம் சொல்ல வாயெடுத்தேன். பேரனுக்கு வயிற்று உப்புசம், ஓம வாட்டர் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவளுக்கும் மகளுக்கும் சண்டை. ஓம வாட்டர் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 27, திங்கள்

கனி பத்திரிகை மாதிரியை எடுத்துவந்தாள். எழுத்துப் பிழை பார்த்துக்கொடுங்கள் சார் என்றாள். ஊர்ப்பெயரும் குலதெய்வத்தின் பெயரும் வரவேண்டிய இடங்களைக் காலியாக விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ‘காலஞ்சென்ற திரு. செல்லையா அவர்களின் குமாரன்’ என்று இருந்தது.

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிழையா சார் என்று கேட்டாள். இல்லை, சரியாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டேன்.

1989இல் என் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த வார்த்தை உண்டு. கோகிலா வீட்டில் அப்பாவைப் பார்க்கவேண்டும் என்றார்கள். இறந்துவிட்டார் என்று சொன்னேன். பிறகு பத்திரிகையிலும் அப்படியே போடவேண்டியதாகிவிட்டது. காலஞ்சென்ற திரு. இலங்காமணி அவர்களின் குமாரன். அச்சகத்தில் நானே திருத்திக்கொடுத்தேன். அன்றைக்கு அப்பா ஆவாரவிளையில் பனையேறிக்கொண்டிருந்தார்.

வருடாவருடம் பொங்கல் வாழ்த்து மட்டும் போடுவேன், அனுப்புநர் விலாசம் எழுதாமல் உள்ளே பெயர் மட்டும். கல்லூரி விலாசம் தெரிந்திருந்தும் அவர் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. 1996இல் போடும்போது மட்டும் ஏனோ கல்லூரி விலாசத்தை எழுதினேன். அது ‘விலாசதாரர் காலமானார்’ என்று பச்சை மையில் எழுதித் திரும்பி வந்தது. எத்தனையாவது மாதம், எந்த நாள், யார் கொள்ளி வைத்தார்கள், எதுவும் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் நான் யார் என்று சொல்லவேண்டும்.

ஏப்ரல் 3, திங்கள்

கனியும் பிரகாஷும் சாயங்கால பஸ்ஸில் கிளம்பினார்கள். வழியனுப்பப் போனேன். இரண்டு டப்பா வர்க்கி, பத்திரிகை மாதிரி, செல்லையா போட்டோ, துணியில் சுற்றிய கடிப்பு. நீங்களும் வரீங்களா சார் என்று கனி கேட்டாள். பழைய கனியின் குரல். ஒரு டிக்கெட் எடுத்தால் போதும், பையில் மாற்றுச் சட்டை இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும். முட்டிவலி என்றேன்.

முட்டிக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 5, புதன்

சமையல் செய்யவில்லை. காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் போட்டபோதுகூடப் பக்கத்திலேயே நின்றேன்.

பதினொன்றரைக்குக் கனி கூப்பிட்டாள். பின்னால் மேளமும் குழந்தைகள் சத்தமும். முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். பொன்னுத்துரை அண்ணாச்சி இருக்கிறாராம். போட்டோவைப் பார்த்ததும், இது நம்ம கீழவிளைச் செல்லையால்லா என்றாராம். தன் அப்பாவோடு கோபித்துக்கொண்டு இருபது வயதில் ஓடிப்போனவர், அவர் தம்பி குடும்பம் இன்னும் இருக்கிறது, சாஸ்தா கோயிலுக்கு அங்கிருந்தே கூட்டிப் போனார்கள். சித்தப்பா கடிப்பை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு விடவே இல்லையாம். ஊர்ப்பெயரையும் சாமிப்பெயரையும் பிரகாஷ் தன் கையாலேயே எழுதிப் பத்திரிகையைச் சாமி காலடியில் வைத்துவிட்டான். மேட்டுப்பாளையத்துக்குப் படம் அனுப்பியாயிற்று. உடனே அச்சடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

நல்லது அம்மா, நல்லது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நிஜமாகவே மனது நிறைந்துவிட்டது.

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணாச்சி கேட்டாரு சார், உங்களை இங்க அனுப்பினது யாருன்னு. கோத்தகிரியில ஒரு வாத்தியார்னேன். அவருக்கு எப்படி இந்த ஊரு தெரியும்னு கேட்டாரு. தெரியலன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே. சரிதானே சார்?”

நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறாள். என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அவள் அப்பாவைச் சுவரிலிருந்து இறக்கவைத்தவன் நான். அவள் எனக்காக, என் ஊரில் நின்றுகொண்டு, நான் யார் என்று தெரியாது என்கிறாள். போனை அண்ணாச்சியிடம் கொடும்மா என்றேன்.

கை மாறுகிற சத்தம் கேட்டது. யாருவே என்றது ஒரு கரகரத்த குரல். முப்பத்தாறு வருடமாகப் பேசாத பேச்சு எனக்கு வந்தது.

“அண்ணாச்சி, நான் இலங்காமணி மவன் தவசிமுத்து பேசுதேன்.”

“எந்த இலங்காமணி? தெக்குத்தெரு பனையேறி இலங்காமணியா?”

“ஆமா அண்ணாச்சி.”



“அவரு மவன் செத்துல்லா போனான்” என்றார் பொன்னுத்துரை அண்ணாச்சி. “அவரே வந்துல்லா சொன்னாரு. ஊட்டிக்கு மவனப் பாக்கப் போயிட்டு வந்து, பஸ்ஸ விட்டு எறங்கி நேரா சங்கத்துக்குத்தான் வந்தாரு. மவன் போயிட்டான் தம்பி, அங்கயே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னாரு. நாங்க ஊரோட துட்டி கேக்கப் போனோம். மொட்டை போட்டுக்கிட்டு, பதினாறாம் நாள் எல்லாருக்கும் சோறு போட்டாரு. நானும் உக்காந்து சாப்பிட்டிருக்கேன். நீரு யாருவே?”

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

மறுபடியும் கை மாறியது. கனியின் குரல்.

“சார்? சார், இருக்கீங்களா?”

இருக்கேம்மா என்றேன்.